ஸ்டோன் ஃபுரூட் எண்டா எது எது? மாம்பழம் அதுக்குள்ள வருமா?

மாமரத்தடி (உப்புவெளி)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லுக்கு விளக்கம் வேணும், கொஞ்சம் அவசரமாத்தான் கேக்கிறன்.

என்ர தம்பி குடும்பம் லண்டனில. வாற மாசம் பள்ளிக்கூட லீவுக்கு வருகினம். அவன்ர மகளுக்கு ஒன்பது வயசு. போன மார்கழியில வந்து நிக்கேக்க, கொழும்பால வந்த சொந்தக்காரர் ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்து தந்தவை. பிள்ளை ஆசையா ரெண்டு கடி கடிச்சிருக்கும். அஞ்சு நிமிசத்தில சொண்டு தடிச்சு, நாக்கும் தொண்டையும் கடிக்குது எண்டு அழத் தொடங்கிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி, மருந்து குடுத்து, பின்னேரம்தான் வீக்கம் வத்தினது. அண்டைக்கு நான் நடுங்கின நடுக்கம் இப்பவும் மறக்கேல்ல.

லண்டனில பரிசோதிச்சுப் போட்டு "ஸ்டோன் ஃபுரூட் தவிர்க்கவும்" எண்டு எழுதிக் குடுத்திருக்கினம். அந்த ஒரு வரிதான். மச்சாள் அதை இணையத்தில தேடிப் பாத்திட்டு, கொட்டை உள்ள பழம் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டா. அதோட மாம்பழமும் போச்சு. அதுக்கு முதல் பிள்ளை அங்க மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது, ஒண்டும் செய்யேல்லையாம்.

எங்கட முத்தத்தில கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குது. கச்சான் காத்து தொடங்கிட்டுது, தினமும் விழுகுது. பிள்ளை போனில "மாமி, எனக்கு மாம்பழம் வைப்பீங்களா?" எண்டு கேக்குது. நான் என்ன சொல்ல? மாம்பழத்துக்குள்ளயும் கல்லு மாதிரித்தானே கொட்டை கிடக்கு? ஒரு இடத்தில மாம்பழமும் ஸ்டோன் ஃபுரூட் எண்டு போட்டிருக்கு, இன்னொரு இடத்தில பேரே இல்லை. எது சரி?

---

நிலாவெளிக்காத்து

அக்கா, மாம்பழம் ஸ்டோன் ஃபுரூட்தான். உயர்தரத்தில உயிரியல் படிச்சனான், சோதினையில எழுதியும் இருக்கிறன். வெளியில தோல், நடுவில சதை, உள்ளுக்குக் கடினமான ஓடு, ஓட்டுக்குள்ள விதை. இந்த அமைப்பு இருந்தா அது 'துரூப்', தமிழில உள்ளோட்டுச் சதைக்கனி. அதைத்தான் சாதாரணமா ஸ்டோன் ஃபுரூட் எண்டு சொல்லுறது. இதில சந்தேகமே இல்லை. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ.

---

கோணமலையான் (டொரொண்டோ)

நான் இதுக்கு ஒத்துக்கொள்ள மாட்டன். பத்து வருசத்துக்கு மேல இஞ்ச பழக்கடைப் பகுதியிலதான் வேலை. ஸ்டோன் ஃபுரூட் எண்டு பலகை தொங்கினா அதுக்குக் கீழ வாறது பீச், நெக்டரின், பிளம், ஏப்ரிகாட், செரி. அவ்வளவுதான். மாம்பழம் அன்னாசி, பப்பாசியோட வேற தட்டில இருக்கும். எந்த முதலாளியும் மாம்பழத்தை எடுத்து பீச்சுக்குப் பக்கத்தில அடுக்கச் சொன்னதில்லை.

நெக்டரின் எண்டா வேற பழம் எண்டு கன பேர் நினைக்கினம். அது பீச்தான், தோலில மயிர் இல்லாத பீச். பரம்பரையில ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனபடியா பீச் ஒத்துவராத பிள்ளைக்கு நெக்டரினும் குடுக்கக் கூடாது எண்டதை மச்சாளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. பேர் வேறயா இருக்கிறதால ஏமாந்து போவினம்.

வைகாசி ஆனியில செரி வரத் தொடங்கும், ஆடியில நயாகராப் பக்கத்துப் பீச் வரும். அந்த நேரம் பெட்டியைத் திறந்தா வாற வாசம் இருக்கே, எங்கட ஊரில மாம்பழத்தை வைக்கோலுக்குள்ள பழுக்க வச்சுத் திறக்கிற வாசத்துக்குக் கிட்ட வாறது அது ஒண்டுதான். பீச்சில ரெண்டு சாதி. ஒண்டில சதை கொட்டையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், கழராது, மற்றது ரெண்டாப் பிளந்து திருகினா கொட்டை தனிய கையில வந்திடும். டின்னில அடைக்கிறதுக்கு ஒட்டின சாதியைத்தான் விரும்பி எடுப்பினம், அதின்ர சதை இறுக்கம், அவிச்சாலும் கரையாது.

---

கிண்ணியாக்கரை

எல்லாருக்கும் ஸலாமும் வணக்கமும். எனக்கு இதில ஒரு கேள்வி. கல்லு மாதிரிக் கொட்டை இருந்தா ஸ்டோன் ஃபுரூட் எண்டா, பேரீச்சம்பழம்? நோன்பு திறக்கிற நேரம் எங்கட வீட்டில அது இல்லாம ஒரு நாளும் இல்ல. அதின்ர கொட்டையைப் பல்லால கடிச்சா பல்லுத்தான் உடையும். அதுவும் இந்தக் கணக்கில வருமா? பாலைப்பழமும் அப்பிடித்தானே?

---

உயிரியல் ரீச்சர் (திருகோணமலை நகர்)

நல்ல கேள்வி, தம்பி. நிலாவெளித் தம்பிக்கும் டொரொண்டோத் தம்பிக்கும் பதில் இதுக்குள்ளதான் கிடக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கடினமா இருக்கிறது எல்லாம் 'கல்' இல்லை. அந்தக் கடினமான பகுதி ஆற்ற சொத்து எண்டதுதான் கேள்வி. பழத்தின்ர சொத்தா, விதையின்ர சொத்தா?

மாம்பழம் சாப்பிட்டு முடிய கொட்டையைக் கழுவி ரெண்டு மூண்டு நாள் வெயிலில காய விடுங்கோ. கத்தி நுனியை ஓரத்து விளிம்பில குத்தி நெம்பினா சிப்பி மாதிரித் திறக்கும். அந்த நார் பிடிச்ச தட்டையான ஓடு பழத்தின்ர உட்சுவர். பூவில இருந்த சூலகத்தின்ர சுவர் மூண்டு படையாப் பிரியும்: வெளிப்படை தோல், நடுப்படை நாங்கள் சாப்பிடுற சதை, உட்படை இந்த ஓடு. ஓட்டைத் திறந்தா உள்ளுக்கு மெல்லிய மண்ணிறத் தோலோட பருப்பு கிடக்கும். அதுதான் விதை. அதாவது நாங்கள் 'மாங்கொட்டை' எண்டு சொல்லுறது விதை இல்லை, விதை இருக்கிற பெட்டி.

இப்ப பேரீச்சம்பழத்துக்கு வருவம். கொட்டையை வாயில இருந்து எடுக்கேக்க, அதைச் சுத்தி ஒரு வெள்ளைப் பாடை ஒட்டியிருக்கும், வெங்காயத் தோலை விட மெல்லிசு. பழத்தின்ர உட்சுவர் அதுதான். கல்லாகாமல் பாடையாவே நிண்டிட்டுது. அதுக்குள்ள இருக்கிற கடினமான பொருள் முழுக்க விதை. உடைச்சாலும் உள்ளுக்குப் பெட்டியும் இல்லை, பருப்பும் இல்லை, நடு வரைக்கும் ஒரே இறுக்கம். ஆகவே தாவரவியல் கணக்கில பேரீச்சை உள்ளோட்டுக் கனி இல்லை, சதைக்கனி வகை.

பாலைப்பழமும் அதே மாதிரி. அந்தப் பளபளப்பான மண்ணிறக் கொட்டை விதையின்ர சொந்தச் சட்டை. ஒரு பக்கத்தில வெளிறின தழும்பு ஒண்டு இருக்கும், கவனிச்சிருப்பீங்கள். அது விதை பழத்தோட ஒட்டியிருந்த இடம். விதையிலதான் அந்தத் தழும்பு வரும், ஓட்டில வராது. நாவல்பழத்துக்கும் கல் ஓடு இல்லை.

அப்ப எதுக்கெல்லாம் உள்ளோடு இருக்கு? மா, இலந்தை, வேம்பு, நறுவிலி, அம்பரலங்காய், வெரளிக்காய், ஒலிவ். மிளகும் கோப்பியும் கூட. தேங்காயும்தான்! சிரட்டைதான் உள்ளோடு, தும்பு நடுப்படை. பனம்பழமும் அப்பிடியே. தேங்காயில மூண்டு கண் இருக்கிறதும், பனம்பழத்தில பெரும்பாலும் மூண்டு கொட்டை இருக்கிறதும் ஒரே கதை. ரெண்டு பூவிலயும் சூலகம் மூண்டு பகுதி. பனையில மூண்டும் வளர்ந்து தனித்தனிக் கொட்டையாகும். தென்னையில ஒண்டு மட்டும் வளரும், மற்ற ரெண்டின்ர அடையாளம் கண்ணா நிக்கும்.

நிலாவெளித் தம்பி சொன்ன அமைப்பு முழுக்கச் சரி. ஆனா அந்த அமைப்பை வச்சுப் பாத்தா தேங்காயும் மிளகும் கூட ஸ்டோன் ஃபுரூட். ஒரு வைத்தியர் அந்தக் கருத்திலயா எழுதியிருப்பார்?

---

வெள்ளைமணல்

தேங்காய் உள்ளோட்டுக் கனி எண்டு இண்டைக்குத்தான் தெரியும். நாளாந்தம் திருவுறம்.

நுங்கையும் இதோட சேர்த்துச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன், ரீச்சர். நுங்கு வெட்டேக்க கத்தி ஒரே வீச்சில போகும், ஓடு இன்னும் கல்லாகேல்ல. ஒரு கிழமை பிந்தினா கத்தி துள்ளும். மாவடுவும் அப்பிடித்தான். எங்கட அம்மம்மா ஊறுகாய்க்கு மாங்காய் எடுக்கேக்க ஒண்டைக் குறுக்கால வெட்டிப் பாப்பா. கத்தி தடங்காமல் போனாத்தான் அந்த மரத்தில ஆய விடுவா. "கொட்டை முத்திட்டுது, விடு, பழுக்கட்டும்" எண்டு திருப்பி அனுப்பின நாளும் இருக்கு.

---

உயிரியல் ரீச்சர்

அம்மம்மா பாத்தது சரியான இடம். உள்ளோட்டுக் கனிகள் ஒரே வேகத்தில பெருக்கிறதில்லை. பீச்சில இது நல்லாத் தெரியும். முதல் கொஞ்ச நாள் கெதியாப் பெருக்கும். பிறகு வளர்ச்சி நிண்ட மாதிரி இருக்கும், காய் அதே அளவிலயே நிக்கும். அந்த நேரம்தான் உள்ளுக்கு ஓடு மரமாகிறது. மரக்கட்டையை இறுக்கமாக்கிற அதே லிக்னின் அங்க படியும். ஓடு முடிஞ்ச பிறகு சதை திரும்பப் பெருக்கும், இனிப்பு ஏறும். தோட்டக்காரர் அந்த நடுக்காலத்துக்குக் 'கொட்டை முத்துற பருவம்' எண்டு பேரே வச்சிருக்கினம். எங்கட அம்மம்மாமார் கத்தியால கண்டுபிடிச்சதும் அதுதான்.

---

சாம்பல்தீவு

ஒரு காலத்தில ஆஸ்பத்திரி உணவுப் பகுதியில வேலை செய்தனான், அந்த அனுபவத்தில சொல்லுறன். மாமரத்தடி அக்கா, இதைக் கவனமா வாசியுங்கோ.

ஒவ்வாமைத் தாளில ஸ்டோன் ஃபுரூட் எண்டு எழுதினா அது பெரும்பாலும் புரூனஸ் எண்ட ஒரு குலத்தைத்தான் சொல்லும். பீச், பிளம், ஏப்ரிகாட், செரி, அதோட பாதாம். ரோசாக் குடும்பத்தில ஒரு கிளை அது. கொட்டை கல்லா இருக்கிறது அங்க காரணமே இல்லை. இந்தப் பழங்களுக்குள்ள ஒரே சாயலான புரதங்கள் இருக்கு, ஒண்டுக்கு உடம்பு எதிர்த்தா மற்றதையும் அதுவெண்டு நினைச்சு எதிர்க்கும். ஒட்டு உறவாலதான் ஆபத்து, ஓட்டால இல்லை.

மாம்பழம் வேற குடும்பம். அதின்ர சொந்தக்காரர் கஜு, பிஸ்தா, சேங்கொட்டை. மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்த ஆக்கள் எங்களுக்குள்ளயே இருக்கினம். அது சேங்கொட்டைச் சுணை மாதிரியான வேற தொல்லை, பீச்சோட சேராது.

அங்கத்தைய பிள்ளைகளுக்கு இன்னொரு விசயமும் உண்டு. வடக்கு ஐரோப்பாவில பேர்ச் எண்டொரு மரம். வசந்த காலத்தில அதின்ர பூந்தூள் காத்தில பறக்கும். அந்தத் தூளுக்குத் தும்முற ஆக்களுக்கு பீச், செரி, ஆப்பிள் பச்சையாச் சாப்பிட்டா வாய் கடிக்கும், ஏனெண்டா புரதம் ஒரே சாயல். அவிச்சா அந்தப் புரதம் கெட்டுப்போகும், அப்ப பேசாமல் இருக்கும். ஆனா வேற ஒரு வகைப் புரதம் இருக்கு, அதுக்கு ஒத்துவராத ஆக்கள் மத்தியதரைக் கடல் பக்கம் அதிகம். அந்தப் புரதம் பீச் தோலில நிறைய இருக்கும், அவிச்சாலும் சாகாது, அதுதான் கடுமை. பிள்ளைக்கு எது எண்டு நாங்கள் இஞ்ச இருந்து சொல்லேலாது, சொல்லவும் கூடாது. மச்சாளை வைத்தியரிட்ட மூண்டு கேள்வி நேரடியாக் கேக்கச் சொல்லுங்கோ: எந்தெந்தப் பழம் எண்டு பேர் பேராச் சொல்லுங்கோ, பாதாம் குடுக்கலாமா, மாம்பழம் சேருமா. 'ஸ்டோன் ஃபுரூட்' எண்ட சொல்லை வச்சு ஒரு வீட்டில சமையல் நடத்தேலாது.

---

மாமரத்தடி

எல்லாருக்கும் கோடி நன்றி. சாம்பல்தீவு சொன்ன மூண்டு கேள்வியையும் அப்பிடியே மச்சாளுக்கு அனுப்பிட்டன். பாதாம் விசயம் எனக்குப் பயமாப் போச்சு. போன முறை நான் பாதாம் பால் காய்ச்சிக் குடுக்க யோசிச்சு, பால்மா முடிஞ்சிட்டுது எண்டுதான் விட்டனான்.

இன்னொரு சந்தேகம். இஞ்ச கடைகளில 'பிளம்ஸ்' எண்டு விக்கிறது? கேக்குக்கும் பாயாசத்துக்கும் கஜுவோட போடுறது. அதுவும் பிளம் குடும்பமா?

---

கோணமலையான் (டொரொண்டோ)

இல்லை அக்கா, அது முந்திரிகை வத்தல், காய்ஞ்ச திராட்சை. எங்கட நாட்டில அதுக்குப் 'பிளம்ஸ்' எண்டு பேர் நிலைச்சிட்டுது. இஞ்ச வந்த புதுசில நானே "பிளம்ஸ் எங்க?" எண்டு கேட்டு, உள்ளங்கை அளவு ஊதாப் பழத்தைக் காட்டினவை. அதே மாதிரி ஜாம் மரத்துப் பழத்தையும் ஜமைக்கா செரி எண்டு சில பேர் சொல்லுவினம். செரிக்கும் அதுக்கும் உறவு கிடையாது. அதுக்குள்ள கல்லே இல்லை, கடுகை விடச் சின்ன விதைதான் ஆயிரக்கணக்கில கிடக்கும்.

---

ஊமற்கரி (தம்பலகாமம்)

சொல்லைப் பற்றி நானும் ஒண்டு சொல்ல வேணும். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் எங்கட 'கொட்டை' எண்ட சொல். மாங்கொட்டை, புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை, பனங்கொட்டை எல்லாத்துக்கும் ஒரே சொல். ஓடும் கொட்டை, விதையும் கொட்டை. போதாததுக்கு இப்ப ஆஸ்பத்திரிச் சுவரொட்டியில, பிஸ்கட் பெட்டியில 'கொட்டை வகைகள்' எண்டு போடுறது கஜு, பாதாம் மாதிரியான பருப்புகளை. ஸ்டோன் ஃபுரூட்டைக் 'கொட்டைப்பழம்' எண்டு மொழிபெயர்த்தா வாசிக்கிற தாய் என்ன விளங்குவா? கல்பழம் எண்டா அதை விட மோசம், பழுக்காத பழம் எண்டு நினைப்பா.

பழைய தமிழில 'காழ்' எண்டு ஒரு சொல் இருந்தது. மரத்தின்ர வைரத்துக்கும் காழ், பழத்துக்குள்ள இருக்கிற கடினமான வித்துக்கும் காழ். தொல்காப்பியம் மரபியலில புறத்தில காழ் உள்ளதைப் புல் எண்டும், அகத்தில காழ் உள்ளதை மரம் எண்டும் பிரிச்சிருக்கு. தென்னையும் பனையும் அப்பிடித்தான் புல்லாச்சுது, வெளிப்பக்கம் வைரம், உள்ளுக்குச் சோறு. எது கடினம் எண்டு மட்டும் பாக்காமல், அந்தக் கடினம் எந்த இடத்தில இருக்கு எண்டு பாத்துப் பிரிக்கிற பழக்கம் எங்களிட்ட அப்பவே இருந்திருக்கு. ரீச்சர் பேரீச்சையையும் மாவையும் பிரிச்சதும் அதே பார்வைதான். 'காழ்க்கனி' எண்டு வச்சால் நல்லா இருக்கும் எண்டு என்ர மனசுக்குப் படுது.

பனங்கொட்டைக்கு எங்களிட்ட சொல் குறையில்லை. நுங்கு, பனங்கொட்டை, முளைச்ச கொட்டைக்குள்ள வாற மெத்தெண்ட பருப்புக்குப் பூரான், கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சிற வெறும் ஓடு ஊமல். ஒரு ஓட்டின்ர வாழ்க்கைக்குப் படிப்படியாப் பேர் வச்ச சனம் நாங்கள்.

---

நிலாவெளிக்காத்து

ரீச்சர், சாம்பல்தீவு, நான் எழுதினதைத் திருத்துறன். அமைப்பு சரி, ஆனா அந்த அமைப்பை வச்சு "குடுக்காதேங்கோ" எண்டு சொன்னது பிழை. அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சோதினைக்குப் படிச்சது ஒரு கேள்விக்கான விடை, அக்கா கேட்டது வேற கேள்வி.

ஆனா கோணமலையான் அண்ணை, உங்கட கடைப் பலகையும் முழு விடை இல்லை. பலகையில பாதாம் இல்லையே. பாதாம் அதே புரூனஸ். பீச் மாதிரியே காய்க்கும், சதை மட்டும் பழுக்காமல் காய்ஞ்சு வெடிச்சு விழும், நாங்கள் உள்ள இருக்கிற விதையைச் சாப்பிடுறம்.

---

கோணமலையான் (டொரொண்டோ)

உண்மைதான் தம்பி. அது பருப்புத் தட்டில இருக்கும். அதை நான் யோசிக்கேல்ல.

---

கிண்ணியாக்கரை

அப்ப கடற்கரையில நிக்கிற வாதுமை மரம்? சின்னனில பள்ளிக்கூடம் விட்டு வரேக்க, கல்லுக்கு மேல வச்சு இன்னொரு கல்லால அடிச்சு உடைச்சுப் பருப்புத் திண்டிருக்கிறம். விரல் நசுங்காத நாளே இல்ல. அதுவும் பாதாம் எண்டுதானே சொல்றது?

---

உயிரியல் ரீச்சர்

அகலமான இலை, உதிர முதல் செம்பா மாறுற மரம்தானே? அது மருத மரத்தின்ர இனம், பாதாமுக்குச் சொந்தமில்லை. உள்ளோட்டுக் கனி எண்டது சரி. வெளிப்பக்கம் தக்கை மாதிரி இருக்கிறதால கடலில மிதந்து கரை சேர்ந்து முளைக்கும், தேங்காய் மாதிரியே.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பருப்பைத் திண்ட பழக்கத்தில ஏப்ரிகாட், பீச் கொட்டையை உடைச்சுப் பருப்பைச் சாப்பிட வேண்டாம். அதுக்குள்ள அமிக்டலின் எண்ட பொருள் இருக்கு, மெண்டா சயனைட் வெளியில வரும். கசப்பு பாதாமிலயும் அதுதான். பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கோ.

---

சுவாமிமலைப் படி

வெரளிக்காய் பேர் வந்தபடியா எழுதுறன். பஸ் நிலையத்தடியில உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தாற அதே வெரளிக்காயின்ர இனத்திலதான் உருத்திராக்க மரமும். உருத்திராக்கம் எண்டது விதை இல்லை, பழத்துக்குள்ள இருக்கிற கல் ஓடு. பழம் நீல நிறத்தில இருக்கும், சதையை ஊற வச்சு உரசிக் கழுவினா இந்த ஓடு வரும். நாங்கள் 'முகம்' எண்டு எண்ணுறது ஓட்டில இருக்கிற கோடுகளை. ஒவ்வொரு முகத்துக்கும் உள்ளுக்கு ஒரு அறை, அறைக்குள்ள ஒரு விதை இருக்கலாம். அஞ்சு முகம்தான் அதிகம் கிடைக்கும்.

நம்பாட்டி ஒரு வெரளிக்காயைச் சூப்பி முடிச்சுக் கொட்டையைத் தேய்ச்சுக் கழுவிப் பாருங்கோ. அந்தப் புள்ளி புள்ளியான முரட்டுத் தோற்றம் அப்பிடியே இருக்கும், முள்ளு மட்டும் குறைவு. கோணேசர் கோயிலுக்குப் போற எத்தினையோ பேர் கழுத்தில காழ்க்கனியின்ர ஓட்டைத்தான் போட்டுக்கொண்டு படி ஏறுகினம். (ஊமற்கரி ஐயா, உங்கட சொல்லை எடுத்திட்டன்.)

---

மூதூர்த் தோட்டம்

நான் ஒரு பீச் கொட்டை வச்சிருக்கிறன், ஊண்டினா இஞ்ச முளைக்குமா? கன்னியாப் பக்கம் காணி இருக்கு, தண்ணியும் நல்லது.

---

உயிரியல் ரீச்சர்

தண்ணி பிரச்சினை இல்லை, குளிர்தான். பீச் விதை முளைக்கிறதுக்கே ஈரத்தோட ரெண்டு மூண்டு மாசம் குளிரில கிடக்க வேணும். குளிர்சாதனப் பெட்டியில ஈர மணலுக்குள்ள வச்சு முளைக்கப் பண்ணலாம். ஆனா மரமாகின பிறகு பூக்கிறதுக்கும் குளிர் வேணும். வழக்கமான சாதிகளுக்கு 7 பாகைக்குக் கீழ 600 முதல் 1000 மணித்தியாலம் தேவை. குறைஞ்ச குளிரில பூக்கிற சாதிகளுக்கும் பெரும்பாலும் நூறு மணித்தியாலத்துக்கு மேல வேணும். திருகோணமலையில மார்கழி மழையில நடுங்கினாலும் அந்தக் கணக்கில ஒரு மணித்தியாலம் கூடச் சேராது. 1868 மீற்றர் உயரத்தில இருக்கிற நுவரெலியா மாதிரி இடத்திலதான் முயற்சி செய்யலாம். கன்னியாக் காணியில இலந்தையும் நறுவிலியும் வையுங்கோ, தம்பி. ரெண்டும் எங்கட வெயிலுக்குப் பிறந்த மரங்கள்.

---

மூதூர்த் தோட்டம்

இலந்தை ஏற்கனவே வேலியில தானா நிக்குது ரீச்சர், ஒருத்தரும் வைக்கேல்ல. ஆடுதான் வச்சது. ஆட்டுப்பட்டியில விடிய கூட்டேக்க இலந்தைக் கொட்டை சுத்தமாக் கழுவின மாதிரிக் கை நிறைய வரும். பகல் முழுங்கினதை இரவு இரை மீட்டு, சதையை வச்சுக்கொண்டு கொட்டையைத் துப்பிப்போடும். சாணத்தில வாறதில்லை, வாயால வாறதுதான். திருகோணமலைக் கோட்டைக்குள்ள நிக்கிற மானும் அதே பழக்கம் எண்டு நினைக்கிறன், அசைபோடுற சாதிதானே.

---

உயிரியல் ரீச்சர்

மானும் அப்பிடித்தான். இந்தியக் காடுகளில புள்ளிமான் நெல்லிக்கொட்டையைத் துப்புறதை ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கினம். கல் ஓடு எதுக்கு எண்டு வகுப்பில கேட்டா இனி உங்கட ஆட்டுப்பட்டியைத்தான் சொல்லுவன். சதை ஆட்டுக்குக் கூலி, ஓடு விதைக்குக் காவல். பல்லுக்கும் வயித்துக்கும் தப்பி வேற வேலி ஓரத்துக்குப் போய்ச் சேர அந்த ஓடு வேணும்.

---

மாமரத்தடி

மச்சாள் இண்டைக்கு வைத்தியரோட கதைச்சிட்டா. பேர் பேராச் சொல்லியிருக்கினம்: பீச், நெக்டரின், பிளம், ஏப்ரிகாட், செரி பச்சையாக் குடுக்கக் கூடாது. பாதாமை இன்னொரு பரிசோதனை முடியும் வரைக்கும் விடச் சொல்லியிருக்கு. வசந்தத்தில பிள்ளைக்குத் தும்மல் வாறதா எண்டும் கேட்டவையாம், வாறதுதான். மாம்பழம் அந்தத் தாளில சொன்னதுக்குள்ள இல்லை, முதல் சாப்பிட்டு ஒண்டும் செய்யேல்ல எண்டா நிப்பாட்டத் தேவையில்லை எண்டு சொல்லிட்டினம். மச்சாள் போனிலயே அழுதிட்டா. நாலு மாசமாப் பிள்ளைக்கு அதைக் குடுக்காமல் ஒளிச்சு வச்சுத் தாங்கள் சாப்பிட்டவையாம்.

இண்டைக்குக் காலமை மரத்தில ஆளை ஏத்தி முத்தின காயாப் பாத்து நாற்பத்திரண்டு ஆஞ்சு, அறைக்குள்ள வைக்கோல் பரப்பி அடுக்கிட்டன். காம்புப் பால் வடிய விட்டு, துடைச்சுத்தான் வச்சனான். அவை வாற அண்டைக்குக் கணக்காப் பழுக்கும்.

---

உயிரியல் ரீச்சர்

நல்ல செய்தி, அக்கா. ஒரு உதவி. பிள்ளை சாப்பிட்ட கொட்டைகளை எறிய விடாதேங்கோ. கழுவிக் காய வச்சு ஒரு பத்து எனக்கு எடுத்து வையுங்கோ, அடுத்த தவணைக்கு வகுப்பில பிள்ளைகளே வெட்டிப் பாக்கட்டும். மூதூர்த் தம்பி, ஆடு துப்பின இலந்தைக் கொட்டையும் ஒரு கை வேணும்.

---

மூதூர்த் தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை ரவுணுக்கு வருவன், கொண்டு வாறன் ரீச்சர்.